வீட்டுப்பள்ளிக்கு எந்தப் பாடநூல்? மூன்று முறை மாற்றிய ஒரு தாயின் கணக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்து, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாராவது ஓர் இளந்தாய் என் பக்கத்தில் வந்து நிற்பார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, நீங்கள் பிள்ளைகளுக்கு எந்த சிலபஸ் வைத்திருக்கிறீர்கள்? எவ்வளவு ஆகிறது?" என்பார். வட்டிக்குக் கடன் கேட்பவர் குரல்போல இருக்கும். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது நம் பக்கத்தில் இன்னும் சத்தமாகப் பேசும் விஷயமாக ஆகவில்லை. செருப்பு கிடைத்துப் பிள்ளைகள் வந்து கையை இழுப்பதற்குள் என்னால் பதில் சொல்லி முடிக்கவும் முடிவதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் மதுரை திருநகரில் இருக்கிறோம். கணவர் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறார். திருமணத்துக்கு முன் நான் இரண்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். மூத்தவனுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு எட்டு. நான்கு ஆண்டுகளாக இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். இந்த நான்கு ஆண்டுகளில் மூன்று முறை பாடநூலை மாற்றியிருக்கிறோம். அதில் ஒன்று கையை நன்றாகக் கடித்தது.

ஏன் பள்ளியிலிருந்து எடுத்தோம் என்ற கதைக்குள் போகவில்லை. வேத வசனத்தோடு பிள்ளை வளர வேண்டும் என்ற ஆசை ஒரு பாதி. இரண்டாம் வகுப்புப் பையன் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுப்பாடம் எழுதியபடியே தூங்கி விழுந்தது மறுபாதி. முதல் பாதிக்காக மட்டும் எடுப்பவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: காலை ஜெபமும் இரவு ஜெபமும் உங்கள் வீட்டில் இப்போது நடக்கிறதா? நடக்கவில்லையென்றால் பாடநூல் அதைக் கொண்டுவராது. நடக்கிறதென்றால், பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டே அதைப் பெறலாம். பள்ளியிலேயே விட்டுவைப்பதும் இந்த ஒப்பீட்டில் ஒரு வழிதான். அதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

திண்டுக்கல் போக வேண்டியவர் மாட்டுத்தாவணியில் போய் நிற்கக் கூடாது, ஆரப்பாளையத்தில் நிற்க வேண்டும். பாடநூல் விஷயத்திலும் பெரும்பாலோர் முதலில் பஸ்ஸைப் பார்க்கிறார்கள், இறங்கும் ஊரைப் பிறகு யோசிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஏறினோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை எந்தத் தேர்வின் மூலம் வாங்கப்போகிறோம் என்பதுதான் இறங்கும் ஊர். அது முடிவானால் பாதிப் புத்தகங்கள் தாமாகவே கழிந்துவிடும்.

அதற்கும் முன்னால் சட்டம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை உள்ள குழந்தைகளைப் பற்றியது. வீட்டில் கற்பிப்பதற்கு உரிமம் தரும் பிரிவும் அதில் இல்லை, வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்குத் தண்டனை என்ற பிரிவும் இல்லை. குழந்தைக்குப் பள்ளி கிடைக்கச் செய்யும் பொறுப்பை அது அரசின்மேல் வைக்கிறது. அதன் 4ஆம் பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: பள்ளியில் சேராத, அல்லது இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். நாளைக்கு உடல்நலமோ பணமோ கைகொடுக்காமல் போனால், எட்டாம் வகுப்புவரை பள்ளிக் கதவு திறந்திருக்கிறது என்பது பெரிய தைரியம்.

ஆனால் பள்ளி செல்லாக் குழந்தைகளைத் தேடி வீடுவீடாகக் கணக்கெடுப்பு நடக்கும். பள்ளியிலிருந்து பெயரை எடுத்த பிள்ளை அந்தக் கணக்கில் வந்தே தீரும். எங்கள் வீட்டுக்கும் ஒரு மே மாத மதியம் கையில் பதிவேட்டோடு ஓர் ஆசிரியை வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. மோர் கொடுத்தேன். "பையனை வேலைக்கு எங்கும் அனுப்பவில்லையே அம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தால், அவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நோட்டுகளைக் கொண்டுவந்து காட்டினேன். மூத்தவனைக் கூப்பிட்டு ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார், பின்னங்களைக் கூட்டச் சொன்னார். போகும்போது, "தேதி போட்டு எழுதவையுங்கள், யார் கேட்டாலும் காட்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள ஆலோசனை அதுதான்.

தேர்வுக்கு வருகிறேன். என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989இல் தொடங்கியது. வீட்டுப்பள்ளிக் குடும்பங்களில் பெரும்பாலோர் போய்ச் சேரும் இடம் இது. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்ய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்கள், அவற்றில் ஒன்றாவது மொழிப்பாடம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு, ஏப்ரலை ஒட்டி ஒன்று, அக்டோபரை ஒட்டி ஒன்று. ஒரு பதிவு ஐந்தாண்டு செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள், தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு இது மூச்சு விடும் இடம். சிறு பிள்ளைகளுக்கு மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையாக அடிப்படைக் கல்வியின் மூன்று நிலைகளும் உண்டு. தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம், தயவுசெய்து எடுங்கள்.

இரண்டாவது, நம் மாநில அரசுத் தேர்வுகளைத் தனித்தேர்வராக, அதாவது எந்தப் பள்ளியிலும் சேராமல் எழுதுவது. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். அதன்பின் பத்தாம் வகுப்பு. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய் முடிக்க வேண்டும். அலைச்சல் உண்டு. ஆனால் புத்தகம் தமிழில், கேள்வித்தாள் தமிழில், சான்றிதழ் நம் ஊர் அலுவலகம் எதிலும் விளக்கம் சொல்லாமல் நீட்டக்கூடியது. கேம்பிரிட்ஜ் தேர்வு மூன்றாவது வழி. பாடத்துக்குப் பாடம் கட்டணம், தனித்தேர்வர்களை ஏற்கும் மையத்தைத் தேடிப் போக வேண்டும். எங்கள் வருமானத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட வழியில்லை.

வீட்டில் படிப்பதால் கைவிட்டுப் போகும் சலுகைகளையும் வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப்படிப்பிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும். கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் பள்ளி நிபந்தனை உண்டு. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு, நன்றாகப் படிக்கும் பெண் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எந்தக் கிறிஸ்தவப் பாடநூலும் அதற்கு ஈடில்லை.

இனிப் புத்தகங்கள்.

நாங்கள் முதலில் வாங்கியது அமெரிக்கப் பெட்டி. அபெக்கா, பாப் ஜோன்ஸ் போன்ற கிறிஸ்தவப் பதிப்பகங்கள் மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை முழுத் தொகுப்பாக வெளியிடுகின்றன. ஒன்று புளோரிடாவிலிருந்து, மற்றது தென் கரோலினாவிலிருந்து. வாசிப்பு, கணக்கு, அறிவியல், வரலாறு, வேதாகமம் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். அம்மாவுக்கென்று தனி வழிகாட்டி நூலும் உண்டு: இன்றைக்கு எந்தப் பக்கம், என்ன கேள்வி கேட்க வேண்டும், பிள்ளை என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கும். ஒரு குழந்தைக்கு ஓராண்டுத் தொகுப்பு பல நூறு டாலர். கப்பல் கூலியும் சுங்கமும் அதற்குமேல். நாங்கள் வாங்கியது எந்தப் பதிப்பகம் என்பது வேண்டாம். எங்கள் குறை அச்சிட்டவர்கள்மேல் இல்லை. அவர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதினார்கள். வாங்கியது நாங்கள்.

பெட்டியைப் பிரித்த அன்று வீட்டில் திருவிழா. வழவழப்பான தாள், முழு வண்ணம், ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு வசனம். என் அத்தைகூட, மருமகள் செய்த செலவு வீணில்லை என்ற முகத்தோடு புரட்டிப் பார்த்தார். மூன்றாம் வாரம் கணக்குப் புத்தகத்தில் அமெரிக்க நாணயங்கள் வந்தன. பென்னி, நிக்கல், டைம், குவார்ட்டர். பத்து சென்ட் நாணயம் ஐந்து சென்ட் நாணயத்தைவிட உருவத்தில் சிறியது. மூத்தவனுக்கு அது தலையில் ஏறவேயில்லை. "பெரிய காசுக்கு ஏன் அம்மா குறைவான மதிப்பு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு நாள் அந்த ஒரே பக்கத்தில் நின்றோம். மூன்றாம் நாள் எனக்கே பொறுமை போய், ஆலயக் காணிக்கைக்குச் சேர்க்கும் உண்டியலைத் தரையில் கவிழ்த்தேன். ஒரு ரூபாய், இரண்டு, ஐந்து, பத்து. அரை மணி நேரத்தில் சில்லறை மாற்றுவது, மீதி கொடுப்பது எல்லாம் முடிந்தது. சாயங்காலம் அண்ணாச்சி கடைக்குத் தேங்காய் வாங்க அனுப்பினேன். மீதிக் காசைச் சரியாக எண்ணிக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அப்படியே இருந்தது. நீளம் அங்குலத்திலும் அடியிலும், எடை பவுண்டில், வெப்பம் பாரன்ஹீட்டில். இங்கே எழுதப்போகும் எந்தத் தேர்வும் மெட்ரிக் அளவில்தான். குளிர்காலம் என்ற பாடத்தில் பனிமனிதனுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். அன்று டிசம்பர் பத்தாம் தேதி, சின்னவள் கைவைத்த சட்டை வேண்டாம் என்று அழுதுகொண்டிருந்தாள். வரலாற்றில் மேபிளவர் கப்பல் வந்தது, ஜார்ஜ் வாஷிங்டன் வந்தார். நம் மதுரை வரவில்லை.

இதைச் சொல்லும்போது நியாயமாகவும் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் ஆங்கில ஒலிப்பயிற்சி மிக நேர்த்தி. எழுத்தைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் ஒலியைச் சொல்லிக்கொடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து, பிள்ளையை ஆறு மாதத்தில் ஆங்கிலம் வாசிக்கவைத்துவிட்டது. என் ஆங்கில உச்சரிப்பே அதில்தான் திருந்தியது. ஒலிப்பயிற்சி மட்டும் தனியாக வாங்க முடிந்தால் வாங்குங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன். முழுப் பெட்டி வேண்டாம்.

அறிவியலில் இன்னொன்று இருக்கிறது. இந்தப் பதிப்பகங்களின் அறிவியல் ஆறு நாள் படைப்பு, இளம் பூமி (பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே) என்ற நிலைப்பாட்டில் எழுதப்பட்டது. விசுவாசம் ஒவ்வொரு குடும்பத்தின் விஷயம், அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் நம் மாநிலப் பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றம், பரிணாமம் என்று ஒரு பாடமே இருக்கிறது. டார்வின் என்ன சொன்னார், புதைபடிவம் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளை தேர்வறையில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நீங்கள் என்ன நம்பினாலும், அது என்னவென்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: இவை புராட்டஸ்டன்ட் புத்தகங்கள். திருச்சபை வரலாற்றை எந்தக் கோணத்தில் சொல்கின்றன என்று வாங்குவதற்கு முன் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஏ.சி.இ. (ஆக்சிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்) என்ற முறை வேறு வகை. 1970இல் டெக்சாசில் தொடங்கியது. பேஸ் என்று அழைக்கும் மெல்லிய பயிற்சி ஏடுகள், பாடத்துக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு. பிள்ளை தானே வாசித்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, விடை ஏட்டைப் பார்த்துத் தானே திருத்தி, கடைசியில் தேர்வெழுதி 80 விழுக்காடு வாங்கினால் அடுத்த ஏடு. இம்முறையில் நடக்கும் பள்ளிகளில் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் மேசைமேல் ஒரு சின்னக் கொடியை நிறுத்தும். கண்காணிப்பவர் வருவார். நாங்கள் இதைப் பயன்படுத்தவில்லை. கூடல்நகரில் இருக்கும் என் தோழி பயன்படுத்துகிறாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், படுக்கையில் மாமனார், பகலில் தையல் வேலை. "எனக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரமில்லை. இது இல்லையென்றால் பிள்ளைகள் தெருவில்தான் நிற்பார்கள்" என்கிறாள். அவள் வீட்டுக்கு அதுதான் சரி. நாள்தோறும் இத்தனை பக்கம் என்று பிள்ளையே குறி வைத்து முடிக்கும் பழக்கம் அவள் பிள்ளைகளிடம் இருப்பது என் பிள்ளைகளிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் மூத்த மகளிடம் தாவீதின் கதையைச் சொல் என்றால் ஒற்றை வார்த்தைகளாகப் பதில் வருகிறது. கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகிய நாக்கு. அது ஏட்டின் குறையா, பிள்ளையின் சுபாவமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் ஆண்டு நாங்கள் மாறியது சார்லட் மேசன் முறைக்கு. 1842 முதல் 1923வரை வாழ்ந்த ஆங்கிலேயக் கிறிஸ்தவ ஆசிரியை அவர். குறுகிய பாடவேளை, சிறு பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்துக்குமேல் எந்தப் பாடமும் இல்லை. பாடநூல் சுருக்கங்களுக்குப் பதிலாக உயிருள்ள நல்ல புத்தகங்கள். வாரம் ஒருமுறையாவது வெளியே போய் மரம், செடி, பூச்சி பார்த்து வரைவது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை வாசித்துக் கேட்டதைப் பிள்ளை தன் வார்த்தையில் திரும்பச் சொல்வது. அவர் வாழ்ந்த ஊரின் பெயரிலேயே ஆம்பிள்சைட் ஆன்லைன் என்று ஒரு முழுப் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு என்னென்ன வாசிக்கலாம் என்ற அட்டவணை, பதிப்புரிமை தீர்ந்த பழைய புத்தகங்களே அதில் நிறைய. பணச் செலவு இல்லையென்றே சொல்லலாம், அம்மாவின் நேரம்தான் செலவு. அந்தப் பழைய ஆங்கிலம் எனக்கே கடினம். பல நாள் இரவு பத்து மணிக்குமேல் அகராதியோடு உட்கார்ந்து மறுநாள் பாடத்தை நான் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகப் பட்டியலைப் பார்த்தால் இங்கிலாந்து அரசர்களின் வரிசை. ஓராண்டில் அட்டவணையை விட்டுவிட்டோம். முறையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு காலை. எலியா கேரீத் ஆற்றண்டையில் ஒளிந்திருக்கும் பகுதியைத் தமிழ் வேதாகமத்திலிருந்து ஒருமுறை வாசித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, சொல் என்றேன். மூத்தவன் ஆரம்பித்தான்: மழை இல்லை, ராஜாவுக்குக் கோபம், எலியா ஓடிப்போய் ஆற்றோரம் உட்கார்ந்தார், காகங்கள் காலையிலும் சாயங்காலத்திலும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. அங்கே நிறுத்திவிட்டு மாடிச் சுவரைப் பார்த்தான். போன சனிக்கிழமை அங்கே காயவைத்த வடகத்தைக் காக்கை தூக்கிக்கொண்டு போயிருந்தது. "அம்மா, நம் வீட்டுக் காக்கை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. அது எப்படி எலியாவுக்கு மட்டும் கொண்டுவந்து கொடுத்தது? வழியில் தின்றிருக்காதா?" என்றான். சின்னவள், "அதற்கும் பசிக்கும்தானே?" என்றாள். அன்று காலை முழுவதும் அந்தப் பேச்சுதான். எந்தப் பயிற்சி ஏட்டின் கோடிட்ட இடத்திலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. எலியாவின் கதையை ஆங்கிலத்தில் வாசித்திருந்தாலும் வந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆங்கிலப் படத்தில் இருக்கும் பெரிய கறுப்புப் பறவை வேறு யாருடைய ஊரிலோ பறப்பது.

மூன்று முறை மாற்றிய பிறகு எனக்குத் தெளிவானது இதுதான். கிறிஸ்தவக் கணக்குப் புத்தகம் என்று ஒன்று எங்களுக்குத் தேவைப்படவில்லை. பக்க மூலையில் அச்சான வசனத்தால் பெருக்கல் வாய்ப்பாடு பரிசுத்தமாவதில்லை. கணக்கையும் அறிவியலையும் இந்த ஊரில் எழுதும் தேர்வுக்கான புத்தகத்தில் படித்துவிட்டு, விசுவாசத்தை நம் மொழியில், நம் மேசையில், நாமே கொடுப்பதுதான் எங்களுக்குச் செலவும் குறைவு, பலனும் அதிகம். பணத்தை டாலராக மாற்றி வெளியே தேடிக்கொண்டிருந்த பொருள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது.

இப்போது எங்களிடம் இருப்பது தமிழ்நாடு அரசுப் பாடநூல். பி.டி.எப். வடிவில் இலவசம். அச்சிட்டதை வாங்கினாலும் ஓர் ஆண்டுப் புத்தகங்களின் விலை அந்தப் பெட்டியின் கப்பல் கூலிக்கு வராது. தொடக்க வகுப்புகளுக்கு மூன்று பருவமாகப் பிரித்திருப்பதால் பிள்ளைக்குப் புத்தகம் மலையாகத் தெரிவதில்லை. தமிழ், கணக்கு, அறிவியல் மூன்றும் இதில்தான். கணக்கில் பயிற்சி போதாத இடத்தில் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை எடுத்துக்கொள்கிறோம், அதுவும் இணையத்தில் இலவசம். குறை இல்லையா? உண்டு. சமூக அறிவியலில் ஒரே பக்கத்தில் பத்துப் பெயர்கள், எட்டு ஆண்டுகள், பிள்ளை திணறுகிறது. அங்கேதான் திரும்பச் சொல்லும் முறை உதவுகிறது.

இன்னொரு விஷயம் எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அமெரிக்கக் கிறிஸ்தவப் பெட்டியில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர்கூட இல்லை. மதச்சார்பற்ற அரசு அச்சிட்ட பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் வீரமாமுனிவரின் தேம்பாவணி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் இருக்கிறது. கிறிஸ்தவப் பிள்ளையாக வளர்க்கவேண்டும் என்று நான் வாங்கிவந்த பெட்டியில் கிடைக்காததை அரசாங்கம் சும்மா கொடுக்கிறது.

வரலாற்றுக்குச் சுவரில் ஒரு நீளத் தாளை ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகள் ஆண்டுகளைக் குறித்துப் படம் வரைவார்கள். 1606இல் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது, 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது, 1834இல் அமெரிக்கன் மதுரை மிஷன் தொடங்கியது, 1881இல் அமெரிக்கன் கல்லூரி, 1948இல் லேடி டோக் கல்லூரி. அதே தாளில் திருமலை நாயக்கரும் இருக்கிறார், கீழடியும் இருக்கிறது, காந்தி அருங்காட்சியகம் திறந்த 1959உம் இருக்கிறது. நொபிலி காவி உடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, இந்த ஊர்த் தெருவில் நடந்தார் என்று சொன்னபோது சின்னவள், அவருக்கு வெயில் தாங்கியதா என்றுதான் கேட்டாள். கீழடி அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை போய்வந்தோம். இரண்டாம் முறை மூத்தவன் பானை ஓட்டுக் கீறல்களை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தான்.

இயற்கைப் படிப்புக்குக் கீழக்குயில்குடி சமணர் மலையும் அதன் அடிவாரத்துத் தாமரைக் குளமும் போதும். அரிட்டாபட்டி கொஞ்சம் தூரம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை டிபன் கட்டிக்கொண்டு போவோம். சமணர் மலைக்கு ஏன் போகிறீர்கள் என்று ஆலயத்தில் ஒருவர் கேட்டார். மீன்கொத்தி பார்க்க என்றேன். வாசிப்புக்குப் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகள் பகுதியில் இவர்களை விட்டால் மூடும் நேரம்வரை நகர மாட்டார்கள். தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி நடந்தால் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய், அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேதப்பாடத்துக்குத் தனிப் புத்தகம் எதுவும் வாங்கவில்லை. பழைய திருப்புதல் என்னும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் தமிழ் பிள்ளைகளுக்குக் கடினம் என்பார்கள். கடினம்தான். ஆனால் காலையில் ஓர் அதிகாரம் என்று இரண்டு ஆண்டு வாசித்த பிறகு, சந்தி பிரித்துப் படிப்பது மூத்தவனுக்குத் தானாக வந்துவிட்டது. தமிழ்ப் பாடத்தில் புணர்ச்சி விதி வந்தபோது அவனுக்கு அது புதிதாக இல்லை. சாயங்காலம் கீர்த்தனைப் புத்தகம். வேதநாயக சாஸ்திரியார் பாடல் ஒன்றை மாதத்துக்கு ஒன்றாக மனப்பாடம் செய்கிறார்கள், இராகமும் தாளமும் அத்தை சொல்லிக்கொடுப்பது. அத்தைக்கும் பாட்டு வகுப்பு ஆசிரியை என்ற பதவி பிடித்துப்போய்விட்டது. கத்தோலிக்க வீடுகளில் திருவிவிலியமும் மறைக்கல்விப் புத்தகமும் இதே வேலையைச் செய்யும்.

சபையில் சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் அறையெடுத்து, ஓர் அக்காவை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஏற்பாடுகளும் உண்டு. பிள்ளைகளுக்குக் கூட்டாளிகள் கிடைப்பார்கள், அம்மா வேலைக்கும் போகலாம். சேர்வதற்கு முன் இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள்: பிள்ளைகளை எந்தத் தேர்வுக்கு, யார் பெயரில் பதிவு செய்கிறீர்கள்? இதுவரை எழுதியவர்களின் சான்றிதழைப் பார்க்கலாமா? பதில் வராமல் ஜெபம் வந்தால், ஜெபித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

யாருக்கு எது என்று வற்புறுத்திக் கேட்டால் இப்படிச் சொல்வேன். அம்மா அப்பா இருவருக்கும் நேரமில்லை, ஆங்கிலம் சுமாராக வரும், பணம் கொஞ்சம் இருக்கிறது என்றால் ஏ.சி.இ. ஏடுகள், கூடவே தமிழுக்கு அரசுப் புத்தகம் கட்டாயம். இரண்டு மூன்று ஆண்டில் வெளிநாடு போகப்போகும் குடும்பத்துக்கு அமெரிக்கப் பெட்டி பொருந்தும். இந்த ஊரில் படித்து, இந்த ஊரில் வேலை தேடப்போகும் பிள்ளைக்கு அரசுப் பாடநூலும் தமிழ் வேதாகமமும் திரும்பச் சொல்லும் பழக்கமும் போதும். பாடநூலுக்கென்று ஒதுக்கிய பணம் மிச்சமிருந்தால் நல்ல சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள். என்.ஐ.ஓ.எஸ்.ஸா, தனித்தேர்வா என்பதை நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. மூத்தவனுக்குப் பன்னிரண்டரை ஆகும்போது எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதவைத்துப் பார்க்கலாம் என்கிறார் கணவர். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். சேரப்போகும் கல்லூரியில் எந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்கிறோம்.

அந்தப் பெட்டி பரண்மேல் இருக்கிறது. ஒலிப்பயிற்சிப் புத்தகங்களைக் கூடல்நகர் தோழி கடைசிப் பிள்ளைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மீதி வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், பணம் வேண்டாம். பனிமனிதனுக்கு மட்டும் சின்னவள் வேட்டி கட்டி வண்ணம் தீட்டியிருக்கிறாள். அந்தப் பக்கத்தைத் தர மாட்டாளாம்.